நியூன்ஹாம் கோர்ட்னி: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே நியூன்ஹாம் கோர்ட்னியில் பிரம்ம குமாரிகள் நடத்திய தியான முகாமுக்குப் போயிருந்தேன். தேம்ஸ் கரையில் ஹார்கோர்ட் பிரபுவின் மாளிகை, கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. படங்கள் இணைத்திருக்கிறேன். பழைய ஊரை இடித்தாலும் சாலையோரம் செங்கல் வீடுகள் கட்டிக் கொடுத்தாராமே, தயாள குணம்தான். கவிஞர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1770இல் 'The Deserted Village' என்ற கவிதையில் பாடிய பாழூர் இதுதானா? பிரபு கிணற்றில் விழுந்து இறந்தது ஊராரின் சாபம் என்கிறார்களே?

கா.

அன்புள்ள கா.,

இதுவாக இருக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். கோல்ட்ஸ்மித்தின் அயர்லாந்து நினைவுகளும் அந்தக் கவிதையில் கலந்திருக்கின்றன. அதற்கு மேல் துருவ எனக்கு ஆர்வமில்லை. சாபக் கதையையும் விடுங்கள். 1777இல் கிணற்றில் விழுந்த தன் நாயைக் காப்பாற்றப் போய் இறந்தார் மனிதர். அந்தச் சாவை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 'தயாள குணம்' என்று எத்தனை சுலபமாக எழுதிவிட்டீர்கள்! ஊர் வரலாறு என்றாலே பத்திரம் வைத்திருந்தவரின் ஜன்னல் வழியாகப் பார்க்கும் இந்தப் பழக்கம் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஹார்கோர்ட் குடும்பம் அந்த இடத்தை வாங்கியது 1712இல். 1750களில் நீங்கள் சொல்லும் பிரபு, முதலாம் ஏர்ல் பட்டம் பெற்றவர், ஆற்றைப் பார்த்தபடி மாளிகை கட்டினார். காட்சிக்கு ஊர் இடைஞ்சல். 1760களில் ஊரையே அப்புறப்படுத்தினார். பழைய தேவாலயத்தையும் இடித்து, 1764இல் கிரேக்கக் கோயில் போலத் தூண்களும் குவிமாடமுமாக ஒன்றைக் கட்டினார். பூங்காவில் தூரத்திலிருந்து பார்க்க அழகாக இருக்க வேண்டுமே! ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிக் குடிவைக்கப்பட்டவர்கள் ஞாயிறுதோறும் அந்த அலங்காரத்துக்கு நடந்து வந்து ஜெபம் செய்ய வேண்டும். நீங்கள் வியந்த பசுமை அப்படி உண்டானது.

புது வீடுகள் நல்ல வீடுகள்தான், மறுக்கவில்லை. வேண்டுமா என்று அவர்களைக் கேட்டது யார்? பார்பரா வயட் என்ற கிழவி குடிசையை விட்டு வரமாட்டேன் என்றாள். அவளை மட்டும் இருக்க விட்டார்கள். உடனே அரசவைக் கவிஞர் வில்லியம் வைட்ஹெட் அதையும் பிரபுவின் பெருந்தன்மையாக்கிக் கவிதை எழுதிவிட்டார். ஒருத்தி மறுத்ததுகூட பிரபுவின் புகழ்க்கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டது. அவள் தங்கியது அவர் சம்மதித்ததால் என்றால், மற்றவர்கள் போனது எதனால்? இந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் அந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டீர்கள்.

தியானத்துக்குப் போன இடத்தில் ஊரைப் பற்றிக் கேட்கத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அருகிலேயே இருக்கிறீர்கள் என்றால், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் வரலாற்று மையத்துக்குப் போய் அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கேளுங்கள். சாலையோரத்துக்குப் போனவர்களின் பெயர்களை அங்கே தேடலாம். கிடைத்தால் எழுதுங்கள். மாளிகைப் படங்கள் போதும்.