தசை தளர்த்தி மருந்துகள்: கேள்வி பதில்

மயக்க மருந்து நிபுணராக வேலை. வலி சிகிச்சைப் பிரிவிலும் உட்காருவேன். தசை தளர்த்திகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அளவு மட்டும் சொல்ல மாட்டேன், அது உங்களை நேரில் பார்த்த டாக்டரின் வேலை.

கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் 5 நாளில் சரியாகிவிட்டது. அடுத்த முறை வலி வந்தால் அதே சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்த மாத்திரைகள் உங்கள் இடுப்புத் தசையைத் தேடிப் போய்த் தளர்த்துவதில்லை. பெரும்பாலானவை மூளையிலும் தண்டுவடத்திலும்தான் வேலை செய்கின்றன. தூக்கமும் தலைச்சுற்றலும் கூடவே வருவது அதனால்தான். திடீர் இடுப்புப் பிடிப்பு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். முதல் சில நாள் தூங்கவும் எழுந்து நடமாடவும் மாத்திரை கைகொடுக்கும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் போடுவதற்கு நல்ல ஆதாரம் கிடையாது.

அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். நம் ஊரில் விற்பதில் பல, அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, பாராசிட்டமால், தசை தளர்த்தி மூன்றும் சேர்ந்த கூட்டு மாத்திரைகள். மேலே காய்ச்சலுக்கென்று இன்னொரு பாராசிட்டமால் போட்டால் கணக்கு எங்கோ போய்விடும். அசெக்ளோஃபெனாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ மாத்திரையே பேச்சில்லை, உடனே ஆஸ்பத்திரி.

மூலனூர் பக்கம் கண்வலிக் கிழங்கு போடுகிறோம். விதை மருந்து கம்பெனிக்குப் போகிறது என்கிறார்கள். வலி மருந்துக்கா? கிழங்கையே அரைத்துப் பூசலாமா?

ஆமாம், அந்த விதைக்கும் இந்த மாத்திரைக்கும் நேரடி உறவு உண்டு. கண்வலிக் கிழங்கு என்பது நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான். அதன் விதையிலிருந்து கால்சிசினும் கால்சிகோசைடும் எடுக்கிறார்கள். முன்னது கீல்வாத மருந்து. பின்னதைக் கொஞ்சம் மாற்றினால் தயோகால்சிகோசைடு, இந்தியாவில் டாக்டர்கள் அடிக்கடி எழுதும் தசை தளர்த்தி.

அதற்காகக் கிழங்கில் கை வைக்காதீர்கள். செடி முழுக்கக் கடும் நஞ்சு. மாத்திரைக்கே கட்டுப்பாடு இருக்கிறது. உடலில் அது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று தெரிந்ததால், ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வரம்பு கட்டியது: வாய்வழியாக அதிகம் 7 நாள், ஊசியாக 5 நாள், 16 வயதுக்குக் கீழே கூடாது, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் கூடவே கூடாது. கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள பெண்கள் டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லாரி ஓட்டுகிறேன் சார். கழுத்து வலிக்கு டைசானிடின் சாப்பிடுகிறேன். இப்போது சிறுநீர்த் தொற்றுக்கு வேறு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்திருக்கிறார். சேர்க்கலாமா?

கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், டைசானிடினைக் கல்லீரல் கழிக்கவிடாமல் தடுக்கும். ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறி, பிரஷர் சரிந்து மயக்கம் வரும். இரண்டு சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டி மாற்று மருந்து கேளுங்கள். தனியாகச் சாப்பிட்டாலும் டைசானிடின் தூக்கத்தைக் கொண்டுவரும், வண்டி ஓட்டும் நாளில் வேண்டாம். மதுவும் வேண்டாம்.

குளோர்சாக்சசோன் என்ற தசை தளர்த்தி சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது, ரத்தமா?

அந்த மருந்தே அப்படி நிறம் மாற்றும். ஆனால் கண் மஞ்சளாவது, குமட்டல், பசியின்மை சேர்ந்தால் நிறுத்திவிட்டுக் கல்லீரலைப் பரிசோதியுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து கை கால் விறைப்பு. ஒரு வருடமாக அதைத் தளர்த்த பேக்லோஃபென். மாத்திரை தீர்ந்து இரண்டு நாளாகிறது. யாரோ நிற்பதாகச் சொல்கிறார், உடம்பு சுடுகிறது.

இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நீண்ட நாள் எடுத்த பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சல் ஏறும், விறைப்பு முன்பைவிடக் கூடும், வலிப்பும் வரலாம். காய்ச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறதா என்றும் அவர்கள் பார்ப்பார்கள். இந்த விறைப்பு நரம்பு மண்டலப் பாதிப்பால் வருவது, சிலிண்டர் தூக்கி வந்த பிடிப்பு மாதிரி இல்லை. அதனால் இங்கே மருந்து மாதக்கணக்கில் தேவைப்படும், நிறுத்துவதென்றாலும் படிப்படியாகத்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியேதான் வெளியேறுகிறது. தேங்கினால் எழுப்ப முடியாத அளவுக்குத் தூக்கம் கவ்வும்.

பித்தப்பை ஆபரேஷனில் தசை தளர்த்தி ஊசி போட்டதாகக் குறிப்பில் இருந்தது. இடுப்பு வலி மருந்து அங்கே எதற்கு?

அது முற்றிலும் வேறு ரகம், என் அன்றாட வேலை. நரம்பு தசையோடு சேரும் இடத்தில் சமிக்ஞையைத் தடுப்பதால் மூச்சுத் தசை உட்பட எல்லாம் செயலிழக்கும். எனவே மூச்சை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவிய குராரேதான் இந்த வகைக்கு மூதாதை. 1942இல் மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித் அதை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தார். முக்கியமான ஒன்று: இந்த மருந்துகள் வலியையும் குறைக்காது, நினைவையும் போக்காது. அதற்குத் தனி மருந்துகள் கொடுத்தாக வேண்டும்.

இவற்றில் சக்சினைல்கோலின் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் நீடிக்கும். நம் நாட்டில் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம். வீட்டில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானது என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நாங்கள் வேறு மருந்து எடுப்போம். ரோகுரோனியம் என்ற இன்னொரு தளர்த்தியைக் கொடுத்தால் அதை முறிக்க சுகமாடெக்ஸ் என்ற மருந்து இருக்கிறது.

ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. இதே மாத்திரை போடலாமா?

அதற்கு இது வேண்டாம். இழுக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிப் பிடியுங்கள், விட்டுவிடும். படுக்கும் முன் கெண்டைச் சதையை நீட்டிப் பயிற்சி செய்யுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம் பார்த்துவிடுங்கள்.