சாயக்கழிவு, கதிர், வினையூக்கி: உங்கள் கேள்விகள்

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறோம். டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைப் போட்டு வெயிலில் விட்டாலே கழிவுநீர் தெளிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: நிறம் குறையும். ஆனால் வெயிலை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அந்தப் பொடிக்குச் சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர் வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். கதிர் பட்டால் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதையும் சட்டென்று தாக்கும் துணுக்கு உண்டாகும், அதுதான் சாயத்தைப் பிய்த்துப் போடுகிறது. அடர்ந்த சாயத்தண்ணீரில் கதிர் உள்ளேயே இறங்காது. போதாததற்கு உங்கள் நீரில் இருக்கும் குளோரைடும் பைகார்பனேட்டும் ரேடிக்கலை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த பிறகும் போகாத நிறத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வு வடிகட்டியை நிறுத்த முடியாது.

கேள்வி: எம்.எஸ்சி. மாணவி. இதே பொடியைப் போட்டு விளக்கடியில் வைத்ததில், மெத்திலீன் நீலம் என்ற சாயம் ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. முழுக்கச் சிதைந்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள் அம்மா. முதலில் இருட்டில் அரை மணி நேரமாவது கலக்கிவிட்டு அளந்தீர்களா? சாயம் பொடியில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் வெளுக்கும். அப்புறம், மெத்திலீன் நீலம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நிறமற்ற வடிவத்துக்கு மாறும். காற்றுப் படக் குலுக்கினால் நீலம் திரும்பி வரும். அது தானே ஒளியை உறிஞ்சிச் சிதையவும் செய்யும். பொடி போடாத குடுவை ஒன்றையும் விளக்கடியில் வையுங்கள். தண்ணீரில் கரிமப் பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் மொத்தக் கரிமக் கார்பன் எவ்வளவு குறைந்தது என்பதுதான் சாட்சி. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் பிணைந்த அசோ சாயங்களில் இது இன்னும் முக்கியம்: நிறம் போன பிறகும் அரோமாட்டிக் அமீன்கள் என்ற நச்சுள்ள உடைந்த துண்டுகள் மிஞ்சியிருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்து வெற்றி என்று அறிவிப்பது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம்.

கேள்வி: ஃபென்டன் முறை மலிவாமே?

பதில்: ஆமாம். இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போதும், அவை சேர்ந்து அதே ரேடிக்கலைத் தரும். ஆனால் தண்ணீரை அமிலமாக்கி பி.எச். 3 அளவுக்கு இறக்க வேண்டும், கடைசியில் இரும்புச் சேறு சேரும். மிஞ்சிய பெராக்சைடை நீக்காமல் சி.ஓ.டி. (கழிவை ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: சாயக்கழிவைச் சுத்தம் செய்ய எலக்ட்ரான் கற்றை பாய்ச்சினால் தண்ணீர் கதிரியக்கம் ஆகாதா?

பதில்: ஆகாது. தென்கொரியாவின் டேகு சாயத்தொழில் வளாகத்தில் 2005-இல் அமைத்த ஆலை, நாளுக்கு 10,000 கனமீட்டர் கழிவுநீருக்கானது. அங்கே பாயும் எலக்ட்ரானின் ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான் வோல்ட். அணுக்கருவை மாற்ற அது போதாது. தண்ணீரை உடைத்து ரேடிக்கல் உண்டாக்குவதோடு சரி.

கேள்வி: திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றுத் தண்ணீரை இப்படிச் சரிசெய்யலாமா?

பதில்: முடியாதுங்க. உங்கள் கிணற்றில் முக்கியத் தொல்லை உப்பு. இந்த முறைகள் கரிமப் பொருளை உடைக்குமே தவிர, உப்பைத் தொடாது. யாராவது இந்தக் கருவியை விற்க வந்தால், முன்னும் பின்னும் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) அளந்து காட்டச் சொல்லுங்கள்.