மாநிலமே வழக்குப் போடுமா?

தம்பி, ஃப்ரீமான்ட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், அமேசான்மீது கலிஃபோர்னியா மாநிலம் வழக்குப் போட்ட செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டிருந்தீர்கள்: ஊரில் இதெல்லாம் தில்லியில் இருக்கும் போட்டி ஆணையத்தின் வேலை, இங்கே மாநிலத்துக்கு என்ன அதிகாரம், நமக்கு அதனால் என்ன?

அதிகாரம் நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். இங்கே அதுபோன்ற பதவியான அட்டர்னி ஜெனரலை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். வியாபாரப் போட்டியை முடக்குவதைத் தடுக்க மாநிலத்துக்கென்று 1907இல் வந்த கார்ட்ரைட் சட்டமும் உண்டு. அதை வைத்துத்தான் அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா 2022 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்குப் போனார். மறு ஆண்டு மத்திய வர்த்தக ஆணையம் 17 மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டு சியாட்டிலில் தனி வழக்குப் போட்டது. வாஷிங்டன் டி.சி. போட்ட வழக்கு தள்ளுபடியாகி, 2024இல் மேல்முறையீட்டில் உயிர் பெற்றது. ஒருவர் விட்டாலும் இன்னொருவர் பிடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இனி நமக்கு என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஒரு வாணலி அமேசானில் 30 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகு, கிடங்குக் கட்டணம், விளம்பரம் எல்லாம் போக வியாபாரி கையில் நிற்பது சொற்பம். சொந்தத் தளத்தில் 25க்குக் கொடுத்தாலும் அவருக்குக் கட்டுபடியாகும். ஆனால் கொடுத்தால், அமேசானில் அவர் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘கூடையில் சேர்’ பொத்தான் காணாமல் போகும், விற்பனை படுத்துவிடும். அதற்குப் பயந்து வெளியிலும் 30 என்றே போடுகிறார் என்பதுதான் மாநிலத்தின் குற்றச்சாட்டு. அப்படியானால் அமேசான் பக்கமே போகாதவரும் அதன் கட்டணத்தைச் சுமக்கிறார். விலை வைப்பது வியாபாரிகள்தான், விலை கூடுதலான பொருளை முன்னால் காட்டாமல் இருக்க எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது நிறுவனம். எனக்கு மாநிலம் சொல்வதே நியாயமாகப் படுகிறது. வெளியே விலையைக் குறைத்ததற்காக ஒரு வியாபாரியின் வயிற்றில் அடிப்பதை எப்படி ஏற்பது?

இந்த வழக்கில் இப்போதைக்குப் பணம் எதுவும் வராது. 2025இல் பேசப்பட்ட 250 கோடி டாலர் சமரசம் பிரைம் சந்தா தொடர்பானது. அது வேறு கதை. வழக்குப் பணம் தருகிறோம் என்று தொலைபேசியில் வங்கி விவரம் கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த சிறு வியாபாரி யாராவது இப்படி மாட்டிக்கொண்டிருந்தால், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் இணையதளத்தில் புகார் எழுதச் சொல்லுங்கள். பச்சை அட்டை இல்லாதவரும் எழுதலாம்.