மலடு என்று முடிவுகட்டும் முன்: கால்நடைச் சினை பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளை எல்லாம் படித்துவிட்டேன். எந்த ஊசி போடலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பருவம் வந்த தேதி, ஊசி போட்ட தேதி, கன்று போட்ட தேதி ஆகியவற்றைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அவை தெரியாமல் எந்த மருத்துவருக்கும் காரணம் பிடிபடாது. இன்றே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: பசுவுக்கு நாலு முறை சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாயிற்று. தவறாமல் பருவத்துக்கு வருகிறது, சினைதான் நிற்கவில்லை. கருப்பையில் குறை தெரியவில்லை என்கிறார் மருத்துவர். விற்றுவிடலாமா?

விற்காதீர்கள். ஊசி போட்ட எத்தனையாவது நாளில் மறுபடி பருவம் வருகிறது என்று பாருங்கள். 18 முதல் 24 நாளுக்குள் வந்தால் கரு உருவாகவே இல்லை, அல்லது உருவாகி இரண்டு வாரத்தில் அழிந்துவிட்டது. 16, 17ஆம் நாள் வாக்கில் கரு ஒரு புரதத்தைச் சுரந்து, தான் இருப்பதைத் தாயின் உடம்புக்கு உணர்த்த வேண்டும். அது நடக்காவிட்டால் உடம்பு அடுத்த பருவத்துக்குப் போய்விடும். 30, 35 நாள் கழித்து வந்தால், கரு தங்கிய பிறகு இறந்திருக்கலாம். கருப்பைத் தொற்று இருக்கிறதா என்று தேட வேண்டும். 42 நாள் என்றால் நடுவில் ஒரு பருவம் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கவும் கூடும்.

அப்புறம் நேரம். பருவ அறிகுறி 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும். அது அடங்கி 10, 12 மணி நேரம் கழித்தே சினைமுட்டை வெளிவரும். வந்த முட்டை சில மணி நேரமே தாங்கும். அதனால்தான் காலையில் பருவம் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் ஊசி என்கிறோம். இன்னொரு மாடு தன் மேல் தாவும்போது அசையாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். அது அடுத்த மாட்டின் மேல் தாவுவதை மட்டும் நம்ப முடியாது. ஒழுகும் சளி கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணுக்கோ சீழோ தெரிந்தால் அன்று ஊசி வேண்டாம், முதலில் சிகிச்சை. மறுநாளும் பருவம் அடங்காவிட்டால் முட்டை தாமதமாக வெளிவரலாம். 24 மணி நேரம் கழித்து இன்னொரு ஊசி போடுவது பலன் தரும். இந்த நேரக் கணக்கு தவறியதாலேயே எத்தனையோ நல்ல பசுக்கள் மலடு என்று பெயர் வாங்கிப் போகின்றன. எனக்கு மிகவும் மனம் வருந்தும் விஷயம் இது.

கேள்வி: பருவம் முடிந்து இரண்டாம் நாள் ரத்தம் கசிந்தது. சினை கலைந்துவிட்டதா?

இல்லை. பருவம் அடங்கியபின் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு, கிடேரிகளில் அதிகம். சினை பிடித்ததா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பருவத்தைத் தவறவிட்டவர்கள் அந்த நாளைக் குறித்துக்கொண்டால், அதிலிருந்து 19 நாள் வாக்கில் அடுத்த பருவத்தை எதிர்பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் எருமை பருவத்துக்கே வருவதில்லை.

வந்து போயிருக்கும். எருமையில் தாவுவதும் கத்துவதும் குறைவு. இரவிலும் விடியற்காலையிலும்தான் அறிகுறி நன்றாகத் தெரியும். படுத்திருக்கும்போது சளி ஒழுகுகிறதா, அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா, பால் குறைகிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில் நிழலும் உடம்பு நனையத் தண்ணீரும் அவசியம்.

கேள்வி: நல்ல கறவை. கன்று போட்டு மூன்று மாதமாகியும் பருவம் இல்லை. ஊசி போட்டு வரவைக்கலாமா?

முதலில் உடம்பைப் பாருங்கள். கன்று போட்ட முதல் சில வாரங்களில் தின்பதை விடப் பாலில் போகும் சத்து அதிகம். பசு தன் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் கொடுக்கிறது. விலா எலும்பு துருத்தும் அளவுக்கு இளைத்துவிட்டால் சினைப்பையின் வேலை நின்றுவிடும். அதற்கு மருந்து போதுமான தீவனமும் தாது உப்புக் கலவையும்தான். உடம்பு நன்றாக இருந்தும் பருவம் இல்லையென்றால் சினைப்பையில் கட்டியா, கருப்பையில் சீழா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பருவத்தை வரவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் ஊசி போடும் முன் பசு சினையாக இல்லை என்று உறுதி செய்யுங்கள். சினையாக இருந்தால் கலைந்துவிடும். அந்த மருந்து மனிதத் தோல் வழியாகவும் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் தொடவே கூடாது.

கேள்வி: கன்று போட்டு ஒரு நாளாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. கல்லைக் கட்டித் தொங்கவிடலாமா?

வேண்டவே வேண்டாம். 12 மணி நேரத்துக்குள் விழ வேண்டியது இது. விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இழுத்தால் கருப்பைச் சுவர் காயப்படும், துணுக்குகள் உள்ளே தங்கி அழுகும், அடுத்த சினை தள்ளிப்போகும். காய்ச்சல், தீனி எடுக்காமை, நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இரட்டைக் கன்று. ஒன்று காளை, ஒன்று கிடேரி. கிடேரியைச் சினைக்கு வளர்க்கலாமா?

நம்பி வளர்க்க முடியாது. இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடுதான். கருவிலேயே இரண்டின் ரத்த ஓட்டமும் கலந்து, காளைக்கன்றின் ஹார்மோன் கிடேரியின் இனப்பெருக்க உறுப்புகளை வளரவிடாமல் செய்துவிடுகிறது. எந்த மருந்தும் இதை மாற்றாது. ரத்தப் பரிசோதனையில் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: ஏழாம் மாதச் சினையில் ஒரு பசு கன்று வீசியது (சினை கலைந்தது). போன மாதம் இன்னொன்று. சத்துக் குறைவா?

அப்படி எண்ணிச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஐந்தாம் மாதத்துக்கு மேல் அடுத்தடுத்துக் கன்று வீசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புருசெல்லோசிஸ் என்ற தொற்றுநோய். வேறு கிருமிகளும் காரணமாகலாம். எதுவென்று பரிசோதனைதான் சொல்லும். வீசிய கன்றையும் கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள். நாயோ மற்ற மாடுகளோ அண்டாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். அதற்கு முன் மருத்துவர் மாதிரி எடுத்துக்கொள்ளட்டும். வீசிய பசுவைத் தனியே கட்டுங்கள், எல்லா மாடுகளுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். காய்ச்சாத பால் கூடவே கூடாது. வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் இருந்தால், மாடு கன்று வீசியதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் மாதக்கணக்கில் நோய் கண்டுபிடிக்கப்படாமல் போவதுண்டு. தடுப்பூசி பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் போடுவது. காளைக்கும் சினைப் பசுவுக்கும் போடக் கூடாது.

கேள்வி: கொம்பில்லாத கிடாவை கொம்பில்லாத வெள்ளாட்டுடன் சேர்த்தோம். குட்டி ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

வெள்ளாட்டில் கொம்பில்லாத தன்மையைத் தரும் மரபுக்கூறு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால், பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டி இருபால் குறையோடு பிறக்கும். அது சினைக்கு உதவாது. அடுத்த முறை ஜோடியில் ஒன்றாவது கொம்புள்ளதாக இருக்கட்டும்.

கேள்வி: எட்டு வயதுப் பெண் நாய். பருவம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறது, சாப்பிடவில்லை, வாந்தி. அஜீரணமா?

கருப்பையில் சீழ் கட்டியிருக்க வாய்ப்பு அதிகம். கருத்தடை செய்யாத நடுவயது நாய்களில், பருவம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் இது வரும். சீழ் வெளியே வராமல் வயிறு மட்டும் உப்பினால் ஆபத்து இன்னும் அதிகம். கருப்பை வெடிக்கலாம், நஞ்சு ரத்தத்தில் ஏறலாம். பெரும்பாலும் கருப்பையை அகற்றுவதுதான் சிகிச்சை. பருவம் வராமலிருக்க ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவே இந்நோயைத் தூண்டும். நாளை பார்க்கலாம் என்று விடாமல் இப்போதே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.