சிறுமிக்கு டபிள் பேஸ்: வாடகைக்கு எடுப்பதும் தந்தி தெரிவுசெய்வதும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பதினொரு வயதான அவருடைய மகள் இரண்டு ஆண்டுகள் கர்நாடக வயலின் பயின்றவர். இப்போது பாடசாலையின் மேலைத்தேய இசைக்குழுவில், வில் போட்டு வாசிக்கும் மிகப் பெரிய தந்தி வாத்தியமான டபிள் பேஸ் வாசிக்கத் தெரிவுசெய்யப்பட்டிருக்கிறார். உயரம் 142 சென்ரிமீற்றர். பாடசாலையின் வாத்தியத்தை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி இல்லை. கொழும்பில் ஒருவர் முக்கால் அளவு வாத்தியமொன்றை மாத வாடகைக்குத் தருவதாகவும், தந்திகள் பழையவையாதலால் அவற்றை மாற்றுவது எடுப்பவரின் பொறுப்பு என்றும் கூறியிருக்கிறார். லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரவிருக்கும் தாயாரின் தம்பி தந்திகளை வாங்கிவர முன்வந்து, ‘சோலோ’ என்று குறிக்கப்பட்ட ஒரு தொகுதியைப் பார்த்து வைத்திருக்கிறார். அளவு பொருந்துமா, ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எந்தத் தந்தியை வாங்கச் சொல்வது, வில்லில் பூச வீட்டிலுள்ள வயலின் ரெசின் (பிசின்கட்டி) போதுமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பியிடம் இப்போதைக்கு எந்தத் தந்தியையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தந்தி வாத்தியத்தின் அளவுக்கு ஏற்பத் தெரிவுசெய்யப்பட வேண்டியது. உங்கள் விடயத்தில் அளவே இன்னும் முடிவாகவில்லை.

முக்கால் அளவு என்பது சிறுவர் அளவு அன்று. இசைக்குழுக்களில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாசிப்பது முக்கால் அளவு வாத்தியத்தையே. முழு அளவு வாத்தியம் அரிதாகவே காணப்படும். முக்கால் வாத்தியத்தின் உயரம் ஏறத்தாழ 180 சென்ரிமீற்றர். நட் எனப்படும் மேல்முனைக் கட்டையிலிருந்து, உடலின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை வரை அளந்தால் தந்தியின் நீளம் சுமார் 105 சென்ரிமீற்றர். அரை அளவில் இது 97 ஐயும், கால் அளவில் 90 ஐயும் ஒட்டி வரும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த எண்கள் மாறுபடுவதால், உள்ளே ஒட்டப்பட்டிருக்கும் சீட்டை நம்பாமல், தையல் நாடாவைக் கொண்டுபோய் நீங்களே அளந்துகொள்வது நல்லது.

இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் கழுத்தின் மேற்பகுதியில் சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே ஒரு முழுச்சுர (இரண்டு அரைச்சுர) இடைவெளியை விரித்துப் பிடிப்பதே டபிள் பேஸின் அடிப்படைக் கைநிலையாகும். நட்டுக்கு மிக அருகிலுள்ள நிலையில் அந்த விரிவு முக்கால் வாத்தியத்தில் கிட்டத்தட்ட 10.8 சென்ரிமீற்றர், அரையில் 10, காலில் 9.3 என வரும். வயலினில் அதே நிலையில், அதே இடைவெளி மூன்றரை சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். எட்டாத இடைவெளியை எட்டப் பிள்ளை மணிக்கட்டை மடக்கி, பெருவிரலால் கழுத்தை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், பின்னர் கை வளர்ந்தாலும் எளிதில் போவதில்லை. வளர்ந்துவிடுவாள் என்று சீருடையை இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பதைப் போல வாத்தியத்தை மடித்துத் தைக்க முடியாது.

ஆகவே 142 சென்ரிமீற்றர் உயரமுள்ள பிள்ளைக்கு முதலில் கால் அளவையும், கை பெரியதாக இருந்தால் அரை அளவையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளையை நிமிர்ந்து நிற்கச் செய்து, வாத்தியத்தைத் தரையில் ஊன்றும் அடிக்கம்பியைச் சரியான உயரத்துக்கு இழுத்து வையுங்கள். நட் நெற்றியை அண்டி இருக்க வேண்டும். இடது கைச் சுட்டுவிரல் திறந்த தந்தியிலிருந்து ஒரு முழுச்சுரம் மேலே வைக்கப்படும்போது கண் மட்டத்துக்கு அருகில் வர வேண்டும். வலது கையில் வில்லைப் பிடித்தபடி, முன்னே குனியாமல், விரற்பலகை முடியும் இடத்துக்கும் குதிரைக்கும் நடுவே வில் போட முடிய வேண்டும். குனிந்தால்தான் எட்டுகிறது என்றால் அந்த அளவு பெரியது. பரீட்சையைப் பற்றிய கவலையும் இதில் வேண்டியதில்லை: கொழும்பில் நடைபெறும், பிரித்தானிய இசைப் பரீட்சைச் சபையான ஏ.பி.ஆர்.எஸ்.எம். இன் பரீட்சைகளில் எந்த அளவு வாத்தியத்தையும் பயன்படுத்தலாம்.

நீங்கள் கேட்காத ஒரு சிக்கலும் இங்கே உண்டு. பாடசாலையிலுள்ள வாத்தியம் முக்கால் அளவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் கால் அளவிலும் பாடசாலையில் முக்கால் அளவிலும் வாசிக்கும் பிள்ளைக்கு, விரல் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டிலும் வேறு வேறாக இருக்கும். இதற்காக வீட்டு வாத்தியத்தையும் பெரிதாக எடுப்பதை நான் ஏற்கவில்லை. பிள்ளை பெரும்பகுதி நேரம் பயிற்சி செய்யப்போவது வீட்டில்தான். அதற்குப் பதிலாக, பாடசாலை வாத்தியத்தில் சில மாதங்களுக்குத் திறந்த தந்திகளையும், கழுத்தின் நடுப்பகுதியில் வரும் சுரங்களையும் மட்டும் கொடுக்கும்படி ஆசிரியரைக் கேளுங்கள். திறந்த தந்தியிலிருந்து ஐந்து அரைச்சுரம் மேலே போனால், முக்கால் வாத்தியத்திலும் முழுச்சுர விரிவு 8.6 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும்; சிறிய கைக்கு அது பிடிபடக்கூடியது.

இனி வாடகை. கொழும்பில் வாடகைக்குக் கிடைக்கும் டபிள் பேஸ்கள் சொற்பம். சிறிய அளவுகள் இன்னும் சொற்பம். எந்த வாத்தியம் யாரிடம் சும்மா கிடக்கிறது என்பதை அறிந்தவர்கள் கடைக்காரர்களைவிட வாசிப்பவர்களே. இலங்கை சிம்பொனி இசைக்குழுவில் டபிள் பேஸ் வாசிப்பவர்களை ஆசிரியர் மூலமாக அணுகிக் கேட்பது, காலி வீதியிலுள்ள கடைகள் எல்லாவற்றையும் ஏறி இறங்குவதைவிடப் பயன் தரும். கிடைத்த பின், பிள்ளை வளரும்போது அடுத்த அளவுக்கு மாற்றித் தருவார்களா, செலுத்திய வாடகையில் ஒரு பகுதி பின்னர் வாங்கும் விலையில் கழிக்கப்படுமா, முற்பணம் எந்த நிலையில் திருப்பித் தரப்படும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது, தானாக ஏற்படும் பழுதையும் கவனக்குறைவால் ஏற்படும் பழுதையும் ஒப்பந்தம் வேறுபடுத்துகிறதா என்பது. டபிள் பேஸின் விளிம்புகள் விலங்குத்தோல் பசையால் ஒட்டப்படுவது வழக்கம். ஈரப்பதனும் வெப்பமும் மிகும்போது அந்தப் பசை இளகி, விளிம்பு ஆங்காங்கே திறந்துகொள்ளும். மரத்தில் பிளவு விழுவதற்கு முன் பசை விட்டுக்கொடுப்பது வாத்தியத்துக்கு நன்மையே. இது யாருடைய குற்றமும் அன்று. ஆனால் ஒப்பந்தம் மௌனமாக இருந்தால் திருத்தும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

காலை வேளைகளில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது கொழும்பில் வழமை. அதனால் மேற்பலகை முழு மரத்தில் செதுக்கப்பட்ட வாத்தியத்தைவிட, பிளைவுட்டில் செய்யப்பட்டதையே நான் பரிந்துரைப்பேன். ஒலியில் சற்றுக் குறைவு உண்டு. ஆனால் மழைக்காலத்தில் வீங்கி, குளிரூட்டிய அறையில் சுருங்கி, வெடித்துப்போகும் அபாயம் அதில் மிகக் குறைவு. மாணவருக்கு அதுவே பெரிது.

எடுப்பதற்கு முன், விளிம்பைச் சுற்றி விரல் மொட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டு விட்ட இடத்தில் ஒலி மாறிச் சடசடக்கும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மயிரிழை போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே கோடு இருந்தால் அந்த வாத்தியத்தை விட்டுவிடுங்கள். தந்தியை முறுக்கும் பிரடைகள் வழுக்காமல் சுழல வேண்டும். இழுத்து வைத்த அடிக்கம்பி பாரம் ஏறும்போது உள்ளே இறங்கக் கூடாது. மாபிள் தரையில் சறுக்காதிருக்க அதன் நுனியில் இறப்பர் இருக்க வேண்டும். இருக்கும் கீறல்களையெல்லாம் படம் எடுத்து, வாடகைக்குத் தருபவருக்கு அன்றே அனுப்பி வைப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. முச்சக்கர வண்டியில் ஏற்ற நினைக்க வேண்டாம்; வான் ஒன்று பிடியுங்கள். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வாத்தியத்தை விட்டுச் செல்லவும் வேண்டாம்; பசை இளக ஒரு மணித்தியாலம் போதும்.

தந்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் தந்தியின் உயரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பழைய தந்தி, அதனால்தான் கடினம்’ என்று சொல்லப்படும் முறைப்பாடுகளில் பல உண்மையில் உயரத்தால் வருபவை. விரற்பலகை முடியும் இடத்தில், பலகைக்கும் தந்திக்கும் இடைப்பட்ட தூரம் மிக மெல்லிய ஜீ தந்தியில் 5 அல்லது 6 மில்லிமீற்றரும், மிகத் தடித்த ஈ தந்தியில் 8 அல்லது 9 மில்லிமீற்றரும் இருந்தால் பிள்ளைக்குப் போதும். நட்டின் பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் அளவு இடைவெளியே இருக்க வேண்டும். அங்கே உயரம் கூடினால், எவ்வளவு விலை கொடுத்துத் தந்தி வாங்கினாலும் முதல் சுரங்களை அழுத்தும் விரல் நோகும். மழைக்காலத்தில் மேற்பலகை சற்று எழும்புவதால் தந்தியின் உயரமும் கூடும் என்பதால், குதிரையின் இரு கால்களிலும் திருகிச் சரிசெய்யும் சில்லுகள் பொருத்தப்பட்டிருந்தால் மிக வசதி. இவற்றையெல்லாம் வாடகைக்குத் தருபவரே செய்து தர வேண்டும். அதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அவை சரியான பின்னும் தந்தி துருப்பிடித்திருந்தால், அல்லது சுற்றுக்கம்பி பிரிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். சந்தேகமான தந்தியைச் சோதிக்க எளிய வழி உண்டு: தந்தியின் சரிபாதியில் விரலை மெல்லத் தொட்டு எழும் மெல்லிய சுரமும், அதே இடத்தில் அழுத்தி எழும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். உயரம் சரியாக இருந்தும் அவை வேறுபட்டால், அந்தத் தந்தி தன் காலத்தை முடித்துவிட்டது.

‘சோலோ’ என்பது தரத்தைக் குறிப்பதில்லை. தனிக் கச்சேரிக்காக ஒரு முழுச்சுரம் உயர்த்தி, எஃப் ஷார்ப், பீ, ஈ, ஏ எனச் சுருதி சேர்ப்பதற்குச் செய்யப்பட்ட மெல்லிய தந்திகள் அவை. பாடசாலைக் குழுவில் வேண்டியது ஈ, ஏ, டீ, ஜீ என்ற வழமையான சுருதி. சோலோ தந்தியை அந்தச் சுருதிக்கு இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அந்த நெகிழ்வை விரும்பி வேண்டுமென்றே அப்படிப் பயன்படுத்தும் கலைஞர்களும் உண்டு. ஆனால் வில்லின் பிடிமானத்தை இனிமேல்தான் கற்கப்போகும் பிள்ளைக்கு அது உதவாது. முக்கால் அளவுக்கான தந்தியைக் கால் அளவு வாத்தியத்தில் பூட்டினாலும் இதே கதைதான்: இழுவிசை கால் பங்குக்கு மேல் குறைந்து, தந்தி தொளதொளவென்று ஆடும், தடித்த பகுதி பிரடையைச் சுற்றி மடிந்து உடையவும் கூடும். ஆகவே உறையில் உங்கள் வாத்தியத்தின் அளவு அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, உருக்கு நடுக்கம்பி கொண்ட தந்தியே உங்களுக்கு ஏற்றது. விலங்குக் குடலில் செய்த தந்தியின் ஒலி அழகானது. ஆனால் ஈரப்பதனோடு சுருதி ஓயாமல் மாறும் என்பதால் இந்த ஊருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வியன்னாவின் தோமாஸ்டிக் இன்பெல்ட் நிறுவனத்தின் ஸ்பிரோகோர் மிகப் புகழ்பெற்றது. விரலால் மீட்டும்போது நெடுநேரம் ஒலிப்பதால் ஜாஸ் கலைஞர்கள் விரும்புவது. வில் போடத் தொடங்கும் பிள்ளைக்கு அது சற்று முரடு. அமெரிக்க நிறுவனமான டெடாரியோவின் ஹெலிகோர் ஓர்கெஸ்ட்ரல் வில்லுக்கு இணங்குவது. அதே நிறுவனத்தின் பிரெலூட் மாணவர்களுக்கென்றே செய்யப்பட்டது, விலையும் குறைவு, சிறிய அளவுகளிலும் வருவது. முதல் ஆண்டுக்கு பிரெலூட் போதும் என்பதே என் கருத்து. இழுவிசையில் தெரிவு இருந்தால், நடுத்தரம் அல்லது அதற்கும் குறைந்ததை எடுக்கச் சொல்லுங்கள், ‘ஹெவி’ வேண்டாம்.

மாற்றும்போது ஒரு தந்தியைக் கழற்றி, புதியதைப் பூட்டி, சுருதிக்கு ஏற்றிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால், உள்ளே பசையின்றி அழுத்தத்தால் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடக்கூடும். பிறகு திருத்துபவரைத் தேடி அலைய வேண்டிவரும். ஒவ்வொரு முறை சுருதி ஏற்றும்போதும் குதிரையின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். அதைப் பார்த்து நிமிர்த்துங்கள். ஈ தந்தியின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41 என்பதால் கைத்தொலைபேசியின் சுருதிச் செயலி அதைப் பிடிக்கத் தடுமாறும். குதிரையில் கவ்வும் சிறு டியூனர் நம்பகமானது. செவியாலும் செய்யலாம்: கீழ்த் தந்தியில் நட்டிலிருந்து கால் பங்குத் தூரத்திலும், அதற்கு அடுத்த மேல் தந்தியில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்திலும் மெல்லத் தொட்டு எழுப்பும் சுரங்கள் ஒன்றாகப் பொருந்த வேண்டும். வயலினில் ச–ப சேர்த்துப் பழகிய பிள்ளையின் செவிக்கு இது இரண்டொரு நாளில் பிடிபடும். வெள்ளவத்தையில் கடற்காற்று வீட்டுக்குள் வருமாகையால், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளைத் துடைப்பதை அன்றாடக் கடமையாக்குங்கள்.

ரெசின் பற்றிய கேள்விக்கு விடை, போதாது என்பதே. வயலின் ரெசின் கடினமானது; டபிள் பேஸின் தடித்த தந்தியை அது பிடிக்காது, வில் வழுக்கும். பேஸுக்கென்று செய்யப்படும் ரெசின் மென்மையானது, ஒட்டும் தன்மை மிக்கது. அதில் மிக மென்மையான பொப்ஸ் என்ற வகை இந்த வெப்பத்தில் தேன்பாகு போல வழியக்கூடியது. சற்றுக் கெட்டியான வகையைக் கேட்டு வாங்குங்கள், டப்பாவை நிமிர்த்தியே வையுங்கள். லண்டன் தம்பி இப்போதே வாங்கி வைக்கக்கூடியது இது ஒன்றுதான்.