சின்னப் பாய்ப்படகில் கரையோரப் பயணம்: கிளம்பும் முன் போடும் கணக்குகள்

கேள்வி: சார், என்னுடையது 25 அடிப் படகு. 24 கடல் மைல் தள்ளி இருக்கும் துறைமுகத்துக்குப் போக வேண்டும். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) ஓடும் என்று விற்றவர் சொன்னார். 4 மணி நேரம் போதுமா?

போதாது. விற்றவர் சொன்னது உச்ச வேகம். நீர்மட்டத்தில் படகின் நீளம் 20 அடி என்றால், அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் 6 நாட் வரும். நாள் முழுக்க அது கிடைக்காது. 4 நாட் என்று வையுங்கள், 6 மணி நேரம். அதுவும் காற்று பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ அடித்தால்தான். நேர் எதிர்க்காற்றில் 45 பாகை சாய்த்து வலமும் இடமுமாக மாறி மாறித்தான் ஏற முடியும். 24 மைல் 34 மைலாகும், எட்டரை மணி நேரம். கூடவே 1 நாட் எதிர் நீரோட்டமும் சேர்ந்தால் 13 மணி நேரம் பிடிக்கும். மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு, காற்றைப் பார்த்து எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் எத்தனை மணிக்குக் கிளம்புவது?

அதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். முதலில் சேரும் நேரம். பழக்கமில்லாத துறைக்குள் இருட்டில் நுழையக் கூடாது. பொழுது சாய 2 மணி நேரமாவது மிச்சம் இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தெளிந்த வெயில் நாளில் கடற்காற்று முற்பகலில் எழுந்து பிற்பகலில் வலுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, போகும் இடத்தில் முகத்துவாரத்தில் மணல்திட்டு. வரைபடத்தில் ஆழம் 1 மீட்டர். என் படகின் கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) 1.2 மீட்டர் ஆழம் இறங்கும். நுழையவே முடியாதா?

முடியும், நேரம் பார்த்து. வரைபட ஆழம் ஏறக்குறைய மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தது. அதன்மேல் ஓதம் (கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது) ஏறும். ஏறும் 6 மணி நேரத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் 1 பங்கு, அப்புறம் 2, 3, 3, 2, 1 என்று தோராயமாக ஏறும். உங்கள் ஓத அட்டவணையில் காலை 6 மணிக்கு வற்றம் 0.4 மீட்டர், ஏற்றம் 2.8 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.4, ஒரு பங்கு 0.2. 7 மணிக்கு திட்டின்மேல் 1.6 மீட்டர் தண்ணீர், 8 மணிக்கு 2 மீட்டர், 9 மணிக்கு 2.6.

கணக்குப்படி 8 மணிக்கே போகலாம். ஆனால் 1 மீட்டர் அலை இருந்தால் பள்ளத்தில் அரை மீட்டர் குறைந்துவிடும். நானாக இருந்தால் 9 மணி வரை வெளியே காத்திருப்பேன். நீர் ஏறும்போதே நுழையுங்கள்: தரை தட்டினாலும் ஏறும் தண்ணீர் தூக்கிவிடும். வடியும்போது இரண்டு ஆபத்து. வெளியே பாயும் நீர் உள்ளே வரும் அலையோடு மோதி திட்டின்மேல் அலை உடையும். தட்டினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தின் உச்சியில் மாட்டினால், அடுத்த பெரிய ஏற்றத்துக்கு இரண்டு வாரம் ஆகலாம்!

கேள்வி: கைபேசி வரைபடம் மட்டும் போதாதா?

நனையும், சார்ஜ் தீரும். காகித வரைபடமும் திசைகாட்டியும் கூடவே இருக்கட்டும்.

கேள்வி: 15 நாட் காற்று என்று முன்னறிவிப்பு. பயப்பட வேண்டுமா?

அது சராசரி. இடையிடையே 20-ஐத் தாண்டும் வீச்சுகள் வரும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாய்மேல் அழுத்தம் நான்கு மடங்கு. பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த உடனே சுருக்கிவிடுங்கள். எண்ணைவிட முக்கியம் திசை: நீரோட்டத்துக்கு எதிரே காற்று அடித்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அதே 15 நாட் காற்று நீரோட்டம் போகும் திசையிலேயே அடித்தால் சுகமான பயணம்.

கேள்வி: பாதி வழியில் நிலைமை கெட்டால்?

கிளம்பும் முன்பே வழியில் ஒதுங்க ஏற்ற இடங்களைக் குறித்து, எந்தக் காற்றில் அது உதவாது என்றும் பக்கத்தில் எழுதுங்கள். கரையை நோக்கிக் காற்று அடிக்கும்போது திறந்த விரிகுடா ஒதுங்கும் இடமே அல்ல, பொறி. அப்போது கரையை விட்டு விலகி நிற்பதே பாதுகாப்பு. திரும்புவதற்கும் ஒரு கெடு வையுங்கள்: "12 மணிக்குள் அந்த முனையைத் தாண்டாவிட்டால் திரும்பல்." பின்காற்றில் சுகமாக வந்த தூரம், திரும்பும்போது எதிர்க்காற்று. அதனால் கெடுவைக் கொஞ்சம் முன்னதாகவே வைப்பது நல்லது.

கேள்வி: பெரிய கப்பல் எதிரே வந்தால்?

அதன் திசைக்கோணத்தைத் திசைகாட்டியில் பாருங்கள். கோணம் மாறாமல் கப்பல் நெருங்கினால் மோதல் உறுதி. குறுகிய கால்வாயில் பாய்ப்படகு என்ற உரிமை பேசாதீர்கள். அங்கே கப்பலுக்கு நாம் தடையாக இருக்கக் கூடாது என்பதே சர்வதேச விதி.

கேள்வி: வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன சொல்லிவிட்டு வருவது?

பாதை, படகின் நிறம், எத்தனை பேர், சேரும் நேரம், எந்த மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவலுக்குச் சொல்ல வேண்டும் என்பது. ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். படகின் விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான சேனல் 16 திறந்தே இருக்கட்டும். கரை சேர்ந்ததும் முதலில் வீட்டுக்கு போன் செய்யுங்கள். மறந்தால் நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு படகு கிளம்பிவிடும்.