ஜீப் ராங்லர்: பெட்ரோலா, பிளக்-இன் ஹைபிரிடா?

அமெரிக்காவில் பழைய ராங்லர் தேடுபவர்கள் கேட்டவையும் என் பதில்களும். 4எக்ஸ்இ என்பது 2021 மாடலில் வந்த பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பிளக்கில் சார்ஜ் போட்டுக் கரண்டிலும் பெட்ரோலிலும் ஓட்டக்கூடிய ராங்லர். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், மோட்டார், 17.3 யூனிட் பேட்டரி சேர்ந்தது.

டாலஸிலிருந்து: அண்ணா, 2022 மாடலில் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுக்கட்டும்?

ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அதைச் சொல்லுங்கள் முதலில். பிளக் இல்லாத அபார்ட்மென்ட் பார்க்கிங் என்றால் யோசிக்கவே வேண்டாம், பெட்ரோல்தான். 4எக்ஸ்இ கரண்டில் ஓடுவது 21, 22 மைல். அது தீர்ந்ததும் கேலனுக்கு 20 மைல். பெட்ரோல் வண்டியும் ஏறக்குறைய அதைத்தான் தரும். ஆனால் 4எக்ஸ்இ சுமார் 800 பவுண்டு அதிக எடை. சார்ஜ் போடாமல் ஓட்டினால் அந்தச் சுமையை வீணாக இழுத்துக்கொண்டு திரிவீர்கள்.

சொந்த கராஜ், ஆபீஸ் 8 மைலில் என்றால் கதையே வேறு. 240 வோல்ட் சார்ஜர் இருந்தால் இரண்டரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் ஒரு ராத்திரி முழுக்க ஆகும். வார நாட்களில் பெட்ரோல் போடும் வேலையே அநேகமாக இருக்காது.

சான் ஹோசேயிலிருந்து: கராஜ் இருக்கிறது. எப்படியும் பெட்ரோலைவிடக் கரண்ட் மலிவுதானே?

உங்கள் ஊரில் அதை நம்பி வாங்காதீர்கள். 100 மைலுக்கு இந்த வண்டி சுமார் 69 யூனிட் தின்னும். யூனிட் 35 சென்ட் என்றால் 24 டாலர். அதே 100 மைலுக்கு 5 கேலன் பெட்ரோல், கேலன் 4.70 என்றால் 23.50 டாலர். மிச்சம் ஒன்றும் இல்லை! யூனிட் 17 சென்ட் இருக்கும் ஊரில் 12 டாலருக்குள் முடிந்துவிடும். கரண்ட் பில்லை எடுத்து உங்கள் ரேட்டைப் பாருங்கள். கூரையில் சோலார் இருந்தால் கணக்கு மாறும்.

மிச்சிகனிலிருந்து: எலக்ட்ரிக் மோடில் வைத்தாலும் குளிர்காலத்தில் எஞ்சின் தானாக ஓடுகிறது. கோளாறா சார்?

இல்லை. கடுங்குளிரில் எஞ்சின் தானே வரும். அதைத் தவிர இன்னொன்றும் உண்டு: ரொம்ப நாள் கரண்டிலேயே ஓட்டினால் டேங்கில் பெட்ரோலும் எஞ்சின் ஆயிலும் பழசாகிவிடும் என்று, வண்டியே சில நாள் எஞ்சினை ஓட்டித் தீர்க்கும்.

டென்வரிலிருந்து: யூட்டாவில் இருக்கும் மோவாப் பாறைத் தடங்களுக்கு அடிக்கடி போவேன். அங்கே எது உசத்தி?

பாறை மேல் ஊர்ந்து ஏற 4எக்ஸ்இதான், என் வோட்டு அதற்கே. மொத்த டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுப்பு, 470 பவுண்டு-அடி. பெட்ரோல் ராங்லரில் 2 லிட்டர் எஞ்சின் என்றால் 295, ஆறு சிலிண்டர் வி6 என்றால் 260. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுப்பைத் தருவதால் சக்கரத்தை அங்குலம் அங்குலமாக வைக்கலாம். எஞ்சின் சத்தம் இல்லாததால் வெளியே நின்று வழி காட்டுபவர் பேசுவதும் நன்றாகக் கேட்கும். 30 அங்குலத் தண்ணீரிலும் இறக்கலாம், பேட்டரி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஒரு விஷயம். டென்வரிலிருந்து கிளம்பும்போதே, சார்ஜைச் செலவழிக்காமல் மிச்சம் வைக்கும் இ-சேவ் பட்டனை அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் மொத்த சார்ஜும் ஹைவேயிலேயே கரைந்து, தடத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்புறம், பேட்டரி முழுக்க நிரம்பியிருக்கும்போது செங்குத்தான இறக்கத்தில், வேகத்தைக் கரண்டாக மாற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கும் மோட்டார் பிரேக் சரியாகப் பிடிக்காது. மின்சாரத்தைச் சேர்க்க இடமில்லையே.

நாலைந்து நாள் காட்டுக்குள் கேம்ப் போடுபவராக இருந்தால் மட்டும் பெட்ரோல் பக்கம் சாய்வேன். நாலு கதவு பெட்ரோல் வண்டியின் டேங்க் 21.5 கேலன், 4எக்ஸ்இயில் 17.2 தான். 4எக்ஸ்இக்கு வந்த பேட்டரி தீ ரீகால் (பழுதைச் சரிசெய்ய கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது) பயமும் பெட்ரோல் வண்டியில் இல்லை.

நியூஜெர்சியிலிருந்து: அந்த ரீகால் என்ன? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயப்படுவது நியாயம்தான். பேட்டரி செல்லுக்குள் ஏற்படும் பழுதால் தீப்பிடிக்கும் அபாயம் என்று 2023, 2024, மறுபடியும் 2025 நவம்பரில் ரீகால் வந்தது. கடைசியில் வந்ததில் கிராண்ட் செரோக்கி 4எக்ஸ்இயையும் சேர்த்து அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,20,000 வண்டிகள். சார்ஜ் போடாதீர்கள், வீட்டை விட்டுத் தள்ளி வெட்டவெளியில் நிறுத்துங்கள் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். முந்தைய ரீகாலில் சரிசெய்த வண்டிகளும் அதில் அடக்கம் என்பதால், விற்பவர் பழைய ரிப்பேர் ரசீதைக் காட்டினால் மட்டும் போதாது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டு நீங்களே பாருங்கள். ரீகால் முடியாமல் இருந்தால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சார்ஜ் போடக்கூடாத பிளக்-இன் வண்டிக்கு எதற்கு அத்தனை விலை?

ஆஸ்டினிலிருந்து: எனக்கு ரெண்டு கதவு, மேனுவல் கியர் வேண்டும்.

அப்படியானால் பெட்ரோல் வி6. 4எக்ஸ்இயில் நாலு கதவும் ஆட்டோமேட்டிக்கும் மட்டும்தான்.

சிகாகோவிலிருந்து: கோவையில் தம்பி ராங்லர் வாங்கப் போகிறான். அவனுக்கும் இதே யோசனையா?

அவருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. 4எக்ஸ்இ இந்தியாவில் விற்பனைக்கு வரவில்லை. 2021 முதல் புணே பக்கம் ராஞ்சன்காவில் அசெம்பிள் செய்து விற்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டியைத்தான்.